அச்சுக்கோப்பு மொழிக்குக் கட்டளைப் பெயர் வைத்த அனுபவம்

பக்கம் அமைக்கும் கணினி மொழி ஒன்றை உருவாக்குகிறவர்கள், அதன் அடிப்படைக் கட்டளைகளுக்குப் பெயர் வைப்பதைக் கடைசி வேலையாக ஒதுக்கி வைப்பதுதான் வழக்கம். வரி முறிக்கும் கணக்கு, எழுத்துருவைக் கையாளும் பகுதி, பக்கத்தை வெளியே தள்ளும் பகுதி எல்லாம் முடிந்த பிறகு ஏதாவது ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் போதும் என்ற நினைப்பு. வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் சேர்ந்து, டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளோடு லுவா நிரல் மொழியை இணைத்த லுவாடெக் இயந்திரத்தின் மேல், தமிழ்க் கட்டளைகள் கொண்ட ஒரு சிறிய அச்சுக்கோப்பு மொழியை அமைத்தபோது, மற்ற எந்த வேலையையும் விடப் பெயர் வைப்பதற்கே அதிக காலம் கொடுத்தோம். அந்தக் காலம் வீண் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இதே வேலையில் கை வைக்கப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், எதை எதை யோசித்தோம், ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதை எழுதுகிறேன்.

எங்களிடம் வரும் வேலைகள் கொழும்பில் தமிழ் அச்சு வேலை பார்க்கும் யாருக்கும் பழக்கமானவை. 31ஆம் நாள் கிரியைக்கான கல்வெட்டு என்ற நினைவு நூல், கோயில் கும்பாபிஷேக மலர், தவணைப் பரீட்சை வினாத்தாள், கவிதைத் தொகுதி, எப்போதாவது ஒரு மும்மொழி அறிக்கை. தட்டெழுதுகிறவர்கள் நாள் முழுவதும் தமிழ் விசைப்பலகையில்தான் இருக்கிறார்கள். ஒரு கட்டளைக்காக ஆங்கில விசைப்பலகைக்கு மாறுவதும் திரும்பி வருவதும் பெரிய தொல்லை. மாற மறந்தால் அரை வரி பொருளில்லாத எழுத்துகளாக விழும். கட்டளைகள் தமிழில் வேண்டும் என்ற முடிவு பெருமளவு அங்கிருந்து வந்தது. கட்டளையின் தொடக்கத்தைக் காட்டும் பின்சாய்கோட்டைத் தமிழ் விசைப்பலகையிலேயே ஒரு விசைக்குக் கொடுத்துவிட்டோம்.

பெயர்ப் பட்டியலின் முதல் வரைவு சுற்றுக்கு வந்திருந்த நேரத்தில், கல்வெட்டு வேலை பார்க்கும் இளம்பெண் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணை, இறந்த திகதி இந்தப் புத்தகத்தில் பல இடங்களில் வருகிறது. 'நாள்' என்று ஒரு கட்டளையை நானே வைத்துக்கொள்ளலாமா? திதி வெண்பாவுக்கு மேலேயும் அதையே போட்டுவிடலாம்."

பட்டியலில் 'நாள்' ஏற்கெனவே இருந்தது. டெக் மொழியில் 'டே', 'மந்த்', 'இயர்', 'டைம்' என்ற நான்கும் இயந்திரத்தோடு பிறந்த கட்டளைகள். கணினியின் கடிகாரத்திலிருந்து இன்றைய நாள், மாதம், ஆண்டு, நேரம் ஆகியவற்றை எண்களாகத் தருபவை. அதைப் பின்பற்றி நாங்களும் 'நாள்' என்பதை இயந்திரத்துக்கு ஒதுக்கியிருந்தோம். அவர் அந்தப் பெயரைத் தன் விருப்பப்படி மாற்றி வரையறுத்தால், இன்றைய திகதியை அச்சிடும் கட்டளை அந்த இடத்திலேயே உடையும். தன் வேலையில் இல்லாத ஒரு மூலையிலிருந்து பிழைச் செய்தி வரும்போது, அது தான் வைத்த பெயரால் வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இன்றைய நாளை எண்ணாகக் கேட்பது யார்? எங்கள் மொழியின் உட்பகுதியில் ஒன்றிரண்டு இடங்கள் மட்டும்தான். 'நாள்' என்ற சொல் வேண்டியிருப்பது யாருக்கு? கல்வெட்டு செய்பவருக்கு, திருவிழா நிகழ்ச்சி நிரல் செய்பவருக்கு, நாட்காட்டி செய்பவருக்கு. இயந்திரம் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அது எழுதுகிறவரின் கையிலிருந்து போய்விடுகிறது. இந்த எண்ணத்தை வைத்துத்தான் முழுப் பட்டியலையும் மீண்டும் எழுதினோம். நாள், பக்கம், பாடல், வினா, விடை, குறிப்பு, தலைப்பு, படம், அட்டவணை, பெயர், ஊர் போன்ற சொற்களை முதலில் ஒரு தாளில் எழுதி, இவற்றில் எதையும் இயந்திரம் தொடக்கூடாது என்று முடிவு செய்தோம். பெயர் வைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் காரியமும் இதுதான். உங்களுக்கு வேண்டிய பெயர்களை எழுதுவதற்கு முன், உங்களுக்கு உரிமையில்லாத பெயர்களை எழுதுங்கள். அந்தத் தாளை நிரப்ப, முடிந்த வேலைகளின் கோப்புகளைத் திறந்து, தட்டெழுதுகிறவர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட சுருக்கப் பெயர்களைத் தேடித் திரட்டினோம். அறையில் உட்கார்ந்து ஊகித்திருந்தால் 'திதி', 'வழித்தோன்றல்' போன்றவை எங்கள் நினைவுக்கே வந்திருக்காது.

இந்தச் சிக்கல் எங்களோடு தொடங்கியதல்ல. டொனால்ட் கனூத் 1978இல் வெளிக்கொணர்ந்து 1982இல் முழுமையாகத் திருத்தி எழுதிய டெக்கில், இயந்திரத்தோடு பிறந்த கட்டளைகள் சுமார் 300; அவற்றின் மேல் கட்டப்பட்ட பிளெய்ன் டெக் சேர்ப்பவை சுமார் 600. அந்த 300இல் 'எண்ட்' என்பது ஒன்று. கோப்பு முடிந்தது, வேலையை நிறுத்து என்று பொருள். பின்னர் லெஸ்லி லாம்போர்ட் டெக்கின் மேல் லாடெக் என்ற தொகுப்பை அமைத்தபோது, ஒவ்வொரு பகுதியையும் தொடங்கவும் முடிக்கவும் 'பிகின்', 'எண்ட்' என்ற இணையே வேண்டியிருந்தது. ஆகவே இயந்திரத்தின் 'எண்ட்' கட்டளையை, முன்னால் இரண்டு அட் குறிகளைச் சேர்த்து வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டு, நல்ல பெயரை எழுதுகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 'இன்புட்', 'பார்' போன்றவற்றுக்கும் அதே அட் குறிப் படிகள் லாடெக்கின் உள்ளே இருக்கின்றன.

இன்னொரு திசையிலிருந்தும் மோதல் வரும். ஹான்ஸ் ஹாகன் நெதர்லாந்தில் டெக்கின் மேல் வளர்த்த கான்டெக்ஸ்ட் தொகுப்பில் 'அன்எக்ஸ்பாண்டட்' என்று ஒரு கட்டளை முன்பே புழக்கத்தில் இருந்தது. அதன் பிறகு ஈ-டெக் என்ற நீட்டிப்பு அதே பெயரில் வேறு பொருள் கொண்ட ஓர் அடிப்படைக் கட்டளையைக் கொண்டுவந்தது. கான்டெக்ஸ்ட் தன் பயனாளர்களின் பக்கம் நின்றது. பழைய பொருளை விடாமல் வைத்துக்கொண்டு, புதிய அடிப்படைக் கட்டளையை 'நார்மல்' என்ற முன்னொட்டோடு அழைத்தது. எல்லா அடிப்படைக் கட்டளைகளுக்கும் அந்த முன்னொட்டுப் படி அங்கே உண்டு. லாடெக்கின் புதிய நிரலாக்கப் பகுதியோ ஒவ்வோர் அடிப்படைக் கட்டளைக்கும் 'டெக்' என்ற முன்னொட்டும் 'டி' என்ற பின்னொட்டும் கொண்ட நீண்ட பெயர் கொடுத்திருக்கிறது. பயன்படுத்தாதே என்பது அந்த 'டி'யின் பொருள். மூன்று முயற்சிகளும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. யாரும் மாற்றமுடியாத, யாரும் விரும்பி எடுக்காத ஒரு நீண்ட பெயர் ஒவ்வோர் அடிப்படைக் கட்டளைக்கும் இருக்கவேண்டும்.

நாங்கள் அதை முதல் நாளிலிருந்தே விதியாக்கினோம். எங்கள் அடிப்படைக் கட்டளைகள் எல்லாவற்றிலும் நடுவே ஓர் அடிக்கோடு வரும். 'நாள்' போய் 'கணினி_நாள்' வந்தது. அடிக்கோடு, மொழியின் வரையறைப் பகுதியில் மட்டும் எழுத்தாக எண்ணப்படும். நூலின் உரைப் பகுதியில் எண்ணப்படாது. எனவே உரை எழுதுகிறவர் தவறியும் ஓர் அடிப்படைக் கட்டளையின் பெயரைத் தன் கட்டளைக்கு வைக்கமுடியாது. கணித வினாத்தாளில் கீழ்க்குறி இடுவதற்கு அடிக்கோடு பழையபடி கிடைக்கும். அடிக்கோடு இல்லாத தனிச் சொற்கள் முழுவதும் எழுதுகிறவருடையவை.

நிரல் மொழிகளில் பழகியவர்கள் இந்த இடத்தில் கேட்பார்கள்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை வைத்துக்கொள்ளலாமே என்று. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஒசானா எழுதிய டிராஃப் என்ற அச்சுக்கோப்பு நிரல் அப்படித்தான் இயங்கியது. அதில் எந்தப் பெயருக்கும் இரண்டு எழுத்துக்கு மேல் கிடையாது. இயந்திரத்தின் கட்டளைகள் சின்ன எழுத்தில். மேலே கட்டப்பட்ட 'எம்எஸ்' தொகுப்பின் கட்டளைகள் பெரும்பாலும் பெரிய எழுத்தில். மோதல் வராமல் இருக்க அந்த ஒரு வழக்கமே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. தமிழில் பெரிய எழுத்தும் இல்லை, சின்ன எழுத்தும் இல்லை. சிங்களத்திலும் இல்லை. ஐரோப்பிய மொழிகளுக்குக் கைகொடுக்கும் அந்த வேலி நமக்குக் கிடையாது என்பதால் வேறு வேலி போட்டே ஆகவேண்டும்.

அடிக்கோட்டால் இன்னொரு நன்மையும் கிடைத்தது, அது சந்தியைப் பற்றியது. 'வரி', 'பெட்டி' இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தால் 'வரிப்பெட்டி' என்றுதான் தமிழ் படித்தவர் எழுதுவார். அவசரத்தில் எழுதுகிறவர் 'வரிபெட்டி' என்பார். கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர்கள். இரண்டையும் ஏற்றுக்கொள்ளலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் ஒவ்வொரு கூட்டுப் பெயரும் இரண்டு சொற்களைத் தின்னும், தேடும்போதும் இரண்டு முறை தேடவேண்டும். நடுவே அடிக்கோடு வந்தால் கண் அதை இரண்டு சொல்லாகவே பார்க்கிறது, சந்தி சேர்க்கத் தோன்றுவதில்லை. 'வரி_பெட்டி' என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதினார்கள்.

இனி, டெக்கை ஆழமாகப் பயன்படுத்திய எவரையும் ஒரு முறையாவது தடுமாறச் செய்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். அதில் பல கட்டளைகள் 'ஹெச்', 'வீ' என்ற இணைகளாக இருக்கின்றன. ஹெச் என்றால் கிடை, வீ என்றால் நெடுக்கு. 'ஹெச்ஸ்கிப்' வரிக்குள் இடைவெளி விடும், 'வீஸ்கிப்' வரிகளுக்கு நடுவே இடைவெளி விடும். பத்தியின் நடுவே 'வீஸ்கிப்' வந்தால் பத்தி அங்கேயே முடிந்துவிடும். ஆகவே ஹெச் என்பது வரிக்குள் வேலை செய்வது, வீ என்பது வரிகளுக்கு வெளியே வேலை செய்வது என்று மனத்தில் பதிகிறது. பிறகு கோடு இழுக்க வேண்டியிருக்கிறது. 'ஹெச்ரூல்' கிடைக்கோடு. இதுவரை பதிந்ததன்படி அது வரிக்குள் வரவேண்டும். வராது. கிடைக்கோடு வரிகளுக்கு நடுவே வருவது என்பதால், பத்தியின் நடுவே 'ஹெச்ரூல்' எழுதினால் பத்தி முடிந்துவிடுகிறது. வரிக்குள் வரக்கூடியது நெடுக்குக்கோடான 'வீரூல்'தான். அட்டவணை போடும் 'ஹெச்அலைன்' கட்டளையும் பத்தியை முடித்துவிடும். 'ஹெச்பாக்ஸ்' மட்டும் எங்கும் வரும். அதாவது ஹெச் என்ற ஒரே எழுத்து ஓரிடத்தில் கட்டளை வரும் இடத்தையும், இன்னோரிடத்தில் மையின் திசையையும், வேறோரிடத்தில் பெட்டியின் உள்ளே பொருள்கள் அடுக்கப்படும் முறையையும் சொல்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான பெயர். வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

கனூத் செய்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்தப் பெயர்களால்தான் உலகத்தின் கணித நூல்கள் இத்தனை காலம் அச்சாகின்றன. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைத் தவிர்க்க வாய்ப்பு இருக்கிறது. எங்களுக்கு வேற்றுமை உருபு உதவியது. கட்டளை வரும் இடத்தைச் சொல்லவேண்டுமானால் 'இல்' உருபு போட்டோம்: 'வரியில்_இடைவெளி', 'பக்கத்தில்_இடைவெளி', 'வரியில்_கோடு', 'பக்கத்தில்_கோடு'. பெட்டிகளுக்கு இடம் முக்கியமில்லை, உள்ளே இருப்பதுதான் முக்கியம் என்பதால் உருபு இல்லாமல் 'வரி_பெட்டி', 'அடுக்கு_பெட்டி' என்று வைத்தோம். இந்த 'அடுக்கு' கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. நான் 'நெடுக்குப் பெட்டி' என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். "தம்பி, கோத்த வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குவதுதானே அது? அடுக்கு என்று சொன்னால் போதாதா?" என்றார். போதும்.

அவரிடம் கேட்டுத் தெளிந்த இன்னொன்று வரி இடைவெளி. ஈய எழுத்துக் காலத்தில் இரண்டு வரிகளுக்கு நடுவே தகடு செருகுவார்கள். அந்தத் தகட்டின் தடிப்புத்தான் இடைவெளி. டெக்கில் 'பேஸ்லைன்ஸ்கிப்' என்பது ஒரு வரியின் எழுத்துகள் நிற்கும் அடித்தளத்திலிருந்து அடுத்த வரியின் அடித்தளம் வரையான முழுத் தொலைவு. பிளெய்ன் டெக்கில் 10 புள்ளி எழுத்துக்கு அது 12 புள்ளி. 'லைன்ஸ்கிப்' என்று தனியாக ஒன்றும் உண்டு. பெயரைப் பார்த்தால் அதுதான் வரி இடைவெளி என்று தோன்றும். உண்மையில் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் தலையும் முட்டும் நிலை வந்தால் மட்டுமே அது தலையிடும். தமிழில் கீழே இறங்கும் உகர ஊகார வடிவங்களும் மேலே ஏறும் இகர ஈகாரக் குறிகளும் நிறைய உள்ளதால், இடைவெளியைக் கொஞ்சம் நெருக்கினாலும் இது அடிக்கடி தலைகாட்டும். பக்கத்தில் சில வரிகள் மட்டும் விலகி நிற்கும். காரணம் தேடுகிறவர் 'லைன்ஸ்கிப்' என்ற பெயரைக் கண்டு அதன் அளவைக் கூட்டுவார், சிக்கல் இன்னும் மோசமாகும். நாங்கள் முதலாவதை 'வரி_தொலைவு' என்றும் இரண்டாவதை 'வரி_முட்டினால்_இடைவெளி' என்றும் வைத்தோம். இரண்டாவது நீளம்தான். அரிதாகத் தொடவேண்டிய கட்டளைக்கு நீளம் ஒரு குறையல்ல. தொடுகிறவருக்கு எப்போது அது வேலை செய்யும் என்பது பெயரிலேயே தெரிகிறது.

வினையா பெயரா என்ற கேள்வியைத் தமிழ் தானாகவே தீர்த்துத் தருகிறது. 'இன்டென்ட்' என்று மட்டும் பார்த்தால் அது உள்ளே தள்ளச் சொல்லும் ஏவலா, தள்ளும் அளவா என்று தெரியாது. நம்மிடம் 'தள்ளு' இருக்கிறது, 'தள்ளல்' இருக்கிறது. ஏதாவது செய்யும் கட்டளைகள் எல்லாம் ஏவல்வினையில் முடியும், அளவுகளைச் சேமிக்கும் கட்டளைகள் எல்லாம் பெயர்ச்சொல்லில் முடியும் என்று ஒரே வரியில் விதி எழுதினோம். 'வரியை_முறி', 'பக்கத்தை_முறி', 'பத்தி_தள்ளல்', 'தாள்_அகலம்'. அறிவித்தல் பலகைகளில் வருவது போல 'முறிக்கவும்' என்று மரியாதையாக இருக்கட்டும் என்று ஒருவர் கேட்டார். ஏவல் பகுதி குட்டையானது, தெளிவானது என்பதால் அதையே வைத்துக்கொண்டோம்.

தொலைபேசியில் சொல்லிப் பார்க்காமல் எந்தப் பெயரையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். எங்கள் கோப்புகள் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போகின்றன. பிழை வந்தால் அங்கிருந்து அழைப்பார்கள், கட்டளையின் பெயரை வாயால் சொல்லவேண்டியிருக்கும். தொடக்கத்தில் எழுத்தைச் சற்றுக் கீழே இறக்கும் கட்டளைக்கு 'தாழ்' என்றும், காகிதத்தைக் குறிக்க 'தாள்' என்றும் எழுதப்பட்டிருந்தன. தொலைபேசியில் இரண்டையும் வேறுபடுத்திச் சொல்ல எவராலும் முடியவில்லை. 'தாழ்' போய் 'எழுத்தை_இறக்கு' வந்தது, அதற்கு இணையாக 'எழுத்தை_ஏற்று'. லகர ளகர ழகரத்தாலோ, ரகர றகரத்தாலோ மட்டும் வேறுபடும் இரண்டு பெயர்கள் ஒரே மொழியில் இருக்கக்கூடாது. டெக்கில் 'ஹெச்ஃபில்' என்று ஒன்றும், அதே பெயரின் கடைசியில் இன்னொரு எல் எழுத்துச் சேர்த்து இன்னொன்றும் உண்டு. இரண்டும் எல்லையில்லாமல் நீளும் இடைவெளிகள், ஆனால் இரண்டாவது முதலாவதை அழுத்திவிடும். ஓர் எழுத்துக்கு அவ்வளவு பொறுப்புக் கொடுப்பது ஆபத்து. நாங்கள் 'நிரப்பு_மென்மை', 'நிரப்பு_வலிமை' என்று பிரித்தோம்.

தமிழில் பெயர் வைக்கிறவர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டியது குறியெண் சிக்கல், அதாவது ஒவ்வோர் எழுத்தையும் கணினி எந்த எண்ணாகச் சேமிக்கிறது என்பது. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யுனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக எழுதலாம். எகரக் கொம்பையும் அரவையும் தனித்தனிக் குறியெண்களாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் கட்டளையின் பெயரை இயந்திரம் குறியெண்களாகவே ஒப்பிடுகிறது, அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். 'கோடு' என்ற கட்டளை கண்ணெதிரே இருக்கும், அப்படி ஒரு கட்டளை இல்லை என்று பிழைச் செய்தி வரும். இலங்கையில் பரவலாக இருக்கும் ரெங்கநாதன் விசைப்பலகை தட்டச்சுப் பொறியின் ஒழுங்கைப் பின்பற்றுவது. கொம்பு, எழுத்து, அரவு என்று மூன்று விசைகளை அழுத்துகிறோம். கடைசியில் எந்தக் குறியெண்கள் கோப்பில் விழுகின்றன என்பது அந்த விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்தது. ஒரே அறையில் இரண்டு கணினிகள் வேறு வேறாக எழுதியதைக் கண்டிருக்கிறோம்.

ஒகர ஓகாரங்களுக்கு மருந்து உண்டு. கோப்பை வாசிக்கும்போதே யுனிகோட் வகுத்த முறைப்படி பிரிந்த குறியெண்களைச் சேர்த்து ஒருமைப்படுத்திவிடலாம். சீடெக் என்ற இன்னொரு டெக் இயந்திரத்தில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. லுவாடெக்கில் ஒவ்வோர் உள்ளீட்டு வரியையும் லுவா நிரல் வழியாகச் செலுத்தி நாமே செய்துகொள்ளவேண்டும். ஔகாரத்தில் இந்த மருந்து பாதிதான் பலிக்கும். ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டு ளகரம் போலவே இருப்பதால், பலர் கொம்பும் ளகரமும் அடித்து 'கௌ' எழுதிவிடுகிறார்கள். அது யுனிகோட் கணக்கில் ஔகாரமே அல்ல, ஒருமைப்படுத்தல் அதைத் தொடாது. 'ஸ்ரீ' எழுதவும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் யுனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்குவது மற்றொன்று. இதுவும் ஒருமைப்படுத்தலுக்கு வெளியே. ஆகவே அடிப்படைக் கட்டளைப் பெயர் எதிலும் ஔகாரமும் ஸ்ரீயும் வரக்கூடாது என்று தடை போட்டோம். டெக்கில் ஒன்றும் செய்யாமல் இருக்கும் 'ரிலாக்ஸ்' கட்டளைக்கு 'மௌனம்' என்ற அழகான பெயரை ஒருவர் முன்மொழிந்திருந்தார். இந்தத் தடையால் அதை விட்டோம். 'சும்மா_இரு' என்பது இப்போது அதன் பெயர், அதைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று: புள்ளியும் உயிர்க்குறிகளும் யுனிகோடில் தனிக் குறிகள். அவற்றையும் எழுத்து வகையில் சேர்த்திருக்கிறதா என்று உங்கள் இயந்திரத்தில் சோதித்துவிடுங்கள். சேர்க்காவிட்டால் 'பெட்டி' என்ற பெயர் 'ப'வோடு முறிந்து, மிச்சம் உரையாக அச்சாகும்.

முன்னொட்டு வைப்பதில் ஓர் எச்சரிக்கை. ஹான் தெ தான் எழுதிய, நேரடியாகப் பிடிஎஃப் கோப்பைத் தரும் பிடிஎஃப்டெக் இயந்திரம், தான் சேர்த்த கட்டளைகள் பலவற்றுக்கும் 'பிடிஎஃப்' என்ற முன்னொட்டு வைத்தது. மோதலைத் தவிர்க்க அது நல்ல வழிதான். ஆனால் இரண்டு சொற்கோவைகளை ஒப்பிடும் கட்டளைக்கும் அதே முன்னொட்டு. ஒப்பிடுவதற்கும் பிடிஎஃப் கோப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சீடெக் அந்தக் கட்டளையை எடுத்துக்கொண்டபோது முன்னொட்டை விட்டுவிட்டது. லுவாடெக்கின் 1.0 பதிப்பு 2016இல் வருவதற்குச் சற்று முன்னால், பக்க அகலம், இட அடையாளம் போன்ற பல கட்டளைகளிலிருந்து 'பிடிஎஃப்' நீக்கப்பட்டது. பெயர்கள் சுத்தமாயின, ஆனால் பழைய பெயரை நம்பியிருந்த தொகுப்புகள் நின்றுபோயின. பழைய பெயர்களை மீட்டுத் தருவதற்கென்றே 'லுவாடெக்85' என்று ஒரு சிறு தொகுப்பு எழுதப்பட்டது. 'பிடிஎஃப்அவுட்புட்' என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எந்த இயந்திரத்தில் ஓடுகிறோம் என்பதையே பல தொகுப்புகள் தீர்மானித்துக்கொண்டிருந்தன. ஒரு பெயர் வெளியே போனபின் அது எதற்கெல்லாம் சாட்சியாகப் பயன்படும் என்பது வைத்தவர் கையில் இல்லை. கட்டளை எங்கே பிறந்தது என்பதை முன்னொட்டில் எழுதாதீர்கள், அது எதைத் தொடுகிறது என்பதை எழுதுங்கள். எங்களிடம் 'வரி_', 'பக்கம்_', 'எழுத்துரு_', 'கோப்பு_' போன்ற தொடக்கங்கள்தான் உண்டு. 'லுவா_' என்று எதுவும் இல்லை. நாளை இயந்திரம் மாறினாலும் பெயர்கள் நிற்கும்.

இவற்றையெல்லாம் ஒரு பேரேட்டில் பதிந்து வைக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதிவு: செய்யும் வேலை, வினையா அளவா, யார் கேட்டது, நிராகரித்த பெயர்கள், ஏன் நிராகரித்தோம். நிராகரித்தவற்றை எழுதி வைப்பதில்தான் அதிகப் பயன். புதிதாகச் சேருகிறவர் 'தாழ்' ஏன் இல்லை என்று கேட்டால், பழைய வாதத்தை மீண்டும் தொடங்காமல் பக்கத்தைக் காட்டிவிடலாம். எந்தப் புதிய கட்டளையும் முதலில் 'சோதனை_' என்ற முன்னொட்டோடுதான் வெளியே வரும்; அந்த முன்னொட்டு இருக்கும்வரை பெயர் மாறலாம் என்று எல்லோருக்கும் தெரியும். முன்னொட்டை எடுத்த பிறகு மாற்றுவதில்லை. வேறு வேறு வகையான இரண்டு வேலைகளிலாவது பெயர் பொருந்தியிருந்தால்தான் எடுப்போம். பாடல்களின் பக்கத்தில் ஓரத்தில் எண் இடும் கட்டளை இப்போது 'சோதனை_ஓரத்தில்_எண்' என்று இருக்கிறது. கவிதைத் தொகுதியில் சரியாக நின்றது. வினாத்தாளில் வினா எண்ணுக்கும் அதே கட்டளை போதுமா, அல்லது அங்கே எண் வரிக்குள் வரவேண்டுமா என்பதை அடுத்த தவணைப் பரீட்சை வேலையில் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும்.